எண் போட்டால் அபூர்வமாகிவிடுமா?

ரொறன்ரோவில் படிக்கும் என் தமக்கையின் மகன் சென்ற மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தான். கூடைப்பந்தாட்ட வீரர் ஒருவரின் அட்டையை அச்சிடப் பயன்பட்ட சிறு தகடு. அதில் 1/1 என்று பொறித்திருந்தது. "மாமா, உலகத்திலேயே இது ஒன்றுதான்" என்று எழுதியிருந்தான். பகுதிநேர வேலையில் சேர்த்த 600 டொலரை அதற்குக் கொடுத்திருக்கிறான்.

முப்பது வருடம் பத்திரிகை அலுவலகங்களில் குப்பை கொட்டியவன் நான். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு நிறத்துக்கு நான்கு தகடு. அச்சு முடிந்தால் எங்களிடம் அவை பழைய உலோகம், நிறுத்து விற்றுவிடுவோம். அமெரிக்க அட்டைக் கொம்பனிகளோ அவற்றை அட்டை அளவில் வெட்டிப் பொதிக்குள் வைத்து, ஒவ்வொன்றையும் 'ஒன்றே ஒன்று' என்கின்றன. ஆக, ஒரே அட்டைக்கு நான்கு 'ஒன்றே ஒன்று'! அதே படத்துக்கு ஓர நிறத்தை மாற்றி 99 பிரதி, 25 பிரதி, 10 பிரதி, பிறகு ஒரு பிரதி. அடுத்த மாதம் வேறொரு வெளியீட்டில் அதே வீரருக்கு இன்னொரு 'ஒன்றே ஒன்று'. இதை அபூர்வம் என்பதா, அச்சக உத்தரவு என்பதா?

அபூர்வம் தானாக நேர்ந்த காலமும் இருந்தது. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கொம்பனி சிகரெட் பெட்டிகளில் வைத்த பேஸ்போல் அட்டைகளில் ஹோனஸ் வாக்னரின் அட்டை இடையிலேயே நின்றுபோயிற்று. அறியப்பட்டவை அறுபதளவில்தான். 2021இல் ஒரு பிரதி 66 லட்சம் டொலருக்குப் போனது.

ஆனால் எண்ணிக்கைக் குறைவு மட்டும் விலையாகிவிடாது. 1952ஆம் ஆண்டின் டொப்ஸ் மிக்கி மான்டில் அட்டை ஆயிரத்துக்கு மேல் எஞ்சியிருக்கிறது. விற்காத பெட்டிகளை 1960இல் அத்திலாந்திக் கடலில் கொட்டியதாக அக்கொம்பனியின் சை பேர்கர் சொல்லிவந்தார். அப்படி எஞ்சியவற்றுள் மிகச் சுத்தமான ஒன்று 2022இல் 126 லட்சம் டொலர் பெற்றது. மான்டிலை விரும்புவோர் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள், அவ்வளவுதான். ஆசனத்திலேயே பருவத்தைக் கழிக்கும் ஆட்டக்காரரின் 1/1 அட்டையைச் சில பத்து டொலருக்கு இன்றும் வாங்கலாம்.

1980களின் இறுதியில் கொம்பனிகள் அளவின்றி அச்சடித்தன. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கென்று பெற்றோர் பெட்டி பெட்டியாகச் சேமித்தார்கள். இன்று அவற்றில் பெரும்பாலானவை கட்டிய காசுக்கும் தேறாது. அந்த அடிக்குப் பிறகுதான் எண் போடும் வித்தை பெருகியது.

புதிய அட்டைகளும் கோடிகளுக்கு விற்றனவே என்பார்கள். உண்மை. மைக் ட்ரவுட்டின் 2009ஆம் ஆண்டு 1/1 அட்டை 2020இல் 39 லட்சம் டொலருக்கு விற்றது. அது ட்ரவுட் என்ற பெயருக்கும், அவர் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த வருடத்துக்கும், கையொப்பத்துக்கும் கிடைத்த விலை. பின்னால் உள்ள எண் துணைக்கு வந்தது.

தரச்சான்று இருக்கிறதே என்று மருமகன் வாதிட்டான். தரமிடும் நிறுவனம் 8 புள்ளி கொடுத்த வாக்னர் அட்டை ஒன்று உண்டு. அதன் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதாக ஏலதாரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். '10 புள்ளி பெற்றவை சிலவே' என்பதும் இன்றைய கணக்கு. நாளை இன்னும் ஆயிரம் பேர் தங்கள் அட்டைகளை அனுப்பினால் அந்தச் சிலவும் பலவாகும். கூடுமே தவிரக் குறையாது.

இவையெல்லாவற்றையும் தொலைபேசியில் அவனுக்குச் சொன்னேன். "அப்ப நான் ஏமாந்திட்டனா மாமா?" என்றான். விற்பவர்கள் கேட்கும் விலையை விட்டுவிட்டு, அதே வீரரின் மற்ற மூன்று தகடுகளும் என்ன விலைக்குக் கைமாறின என்று தேடிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மஞ்சள் தகடு 140 டொலர். கறுப்பு 165. மற்றையது இன்னும் விற்கவேயில்லை.