மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

தானியங்கிக் கியர் பூட்டிய காரைக் கைக்கியர் வண்டியாக மாற்ற விரும்புவோர் உலகில் பல நாடுகளிலும் உளர். அஃது எளிய வேலையன்று. எண்ணெயின் சுழற்சியால் விசையைக் கடத்தும் உறுப்பை அகற்றி, அவ்விடத்தில் கிளச்சைப் பொருத்த வேண்டும். கியர்ப் பெட்டியை மாற்றிக் காலடியில் மூன்றாவது மிதிகட்டையும் அமைத்தல் வேண்டும். அண்மைக்கால வண்டியாயின், கியரை ஆளும் கணினியையும் இணங்கச் செய்தாக வேண்டும். வண்டி தம் கைக்குள் அடங்கி நிற்க வேண்டும் என்னும் ஆசையே இத்தனை பாட்டுக்கும் காரணம் போலும்.

அவர்கள் ஆசையினால் வண்டியை மாற்றுகின்றனர்; யாழ்ப்பாணத்தார் நெருக்கடியினால் மாற்றினர். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலின், பொன்போற் காத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை இயக்கி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெயைப் பாயவிட்டனர். எரிகலவையை ஏறத்தாழ 7 மடங்கே அழுத்தும் அப்பழைய இயந்திரங்கள் அதனை ஒருவாறு தாங்கின. 10 மடங்கும் அதற்கு மேலும் அழுத்தும் இக்கால இயந்திரங்கள் தாங்கமாட்டா.

முற்றுகைக் காலத்தைப் புகழ்வதா எனச் சிலர் கேட்கக்கூடும். நியாயமான வினாவே. அப்புகையை எவரும் விரும்பிச் சுவாசித்தாரல்லர். எரியாத மண்ணெண்ணெய் மசகெண்ணெயுடன் கலந்து அதனை நீர்க்கச் செய்ய, இயந்திரங்களும் விரைவில் தேய்ந்தன. ஆயினும், துன்பம் போற்றத்தக்கதன்று என்பதனால், அத்துன்பத்திடையே பெற்ற அறிவு மறக்கத்தக்கதாகிவிடுமா?

அவ்வறிவு இன்று முதுமையெய்தும் கராச்சுத் தொழிலாளரின் கைகளிலேயே பெரும்பாலும் தங்கியிருக்கிறது. பொறி எழும் நேரத்தை எவ்வளவு பின்தள்ளுவது, காபரேற்றரை எவ்வாறு திருத்துவது என்பவற்றை அவர்கள் காதினாலும் விரலினாலும் அறிந்தனர். 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்வைச் சொல்லும் கவிதைகளும் கதைகளும் நம்மிடம் பல உள. அக்காலத்து மக்களைச் சுமந்த வண்டிகளை ஓடவைத்த நுட்பத்தை எழுதுவது மட்டும் இலக்கிய உலகுக்குப் புறம்பான வேலையெனக் கருதுகிறோம். இது பொருந்தாது.

மானிப்பாயில் பணியாற்றிய வைத்தியர் கிறீன், 19ஆம் நூற்றாண்டிலேயே மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடலின் நுண்ணிய உறுப்புகளை விளக்கிய மொழிக்கு ஒரு காரின் உறுப்புகள் அரியனவாகா. கலைச்சொல் பிறக்கட்டும் எனக் காத்திருக்கவும் வேண்டுவதில்லை. தொழிலாளர் வழங்கும் கிளச்சு, கியர், பிளக்கு என்னும் சொற்களே போதும்.

ஆசிரியர்கள் தம் மாணவரை ஊர்க் கராச்சுகளுக்கு அனுப்பிக் கேட்டெழுதச் செய்யலாம். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தார் அக்குறிப்புகளின் நுட்பத்தைச் சரிபார்க்கலாம். இலக்கிய வட்டங்கள் அவற்றைத் தொகுத்து நூலாக்கலாம். 1990இல் முப்பது வயதினராயிருந்த தொழிலாளர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். அவர்கள் கை ஓயுமுன் இவ்வேலை தொடங்கப்படல் வேண்டும்.