மோட்டார் நின்றால்தான் பயம்

2023-ல் வந்த ‘குட் நைட்’ படத்தில் மணிகண்டனுக்கு மோட்டார் மோகன் என்று பட்டப்பெயர். குறட்டைக்காக அந்த மனிதன் படும் அவமானத்தை இயக்குநர் விநாயக் சந்திரசேகரன் அக்கறையோடுதான் எடுத்திருந்தார். ஆனாலும் நான் பார்த்த தியேட்டரில் ஒவ்வொரு குறட்டைக்கும் சிரிப்பலை. நானும் சிரித்தேன். கும்பகர்ணன் வேஷம் கட்டியவர் மேடையில் வாயைத் திறந்து படுத்தாலே கைதட்டிப் பழகியவர்கள்தானே நாம்.

சிரிக்காத வீடுகளில் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்வார்கள். “அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறான், உழைச்ச உடம்பு” என்பார்கள். பல வீடுகளில் நிலைமை இதற்கு நேர்மாறு. அந்த வீட்டிலேயே சரியாகத் தூங்காத ஆள், பலமாகக் குறட்டை விடுகிறவராகவே இருக்கலாம்.

எங்கள் சித்தப்பா லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கெழுதியவர். கல்யாண மண்டபத்தில் அவர் ஜமக்காளம் விரித்த பக்கம் ஒருவரும் தலை வைக்க மாட்டார்கள். அப்படி ஒரு கல்யாணத்துக்கு முதல்நாள் இரவு எல்லோரும் அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தபோது சித்தி சொன்னார்: “சத்தம் வந்துக்கிட்டே இருந்தா நான் பாட்டுக்குத் தூங்கிருவேன்டா. சத்தம் நின்னாத்தான் பயந்து எழுந்து உக்காந்துருவேன். கொஞ்ச நேரம் மூச்சே இருக்காது. அப்புறம் திணறிக்கிட்டு ஒரு இழுப்பு இழுப்பாரு.” அதற்கும் சிரித்தார்கள். ஒரு மருத்துவர் கேட்டிருந்தால் சித்தப்பாவை அடுத்த நாளே வரச் சொல்லியிருப்பார். பல வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட ஒருத்தியின் சாட்சியம் அது. அந்த வீட்டில் அது புலம்பல் கணக்கில் சேர்ந்தது.

தொண்டையின் மேல்பகுதிக்கு எலும்பு முட்டு கிடையாது. சதைதான் அதைத் திறந்து பிடித்திருக்கிறது. தூங்கும்போது அந்தச் சதை தளர்கிறது. மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதியும் பின்னுக்குச் சரிகிறது. வழி குறுகக் குறுக அதில் போகும் காற்றின் வேகம் கூடும், உள்ளே அழுத்தம் குறையும், சுவர்கள் உள்வாங்கும். மெல்லிய மேலண்ணமும் உள்நாக்கும் படபடவென்று அடித்துக்கொள்ளும் ஓசைதான் குறட்டை. இளநீர்க் கடையில் தரும் காகித ஸ்ட்ரா ஊறித் தளர்ந்த பிறகு வேகமாக உறிஞ்சிப் பாருங்கள், நடுவில் ஒட்டிக்கொள்ளும். தொண்டையும் அப்படி முழுசாக ஒட்டிக்கொண்டால் குறட்டை நின்றுவிடும். கூடவே மூச்சும்.

மார்பு ஏறி இறங்கும், காற்று மட்டும் போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை ஆளை அரைகுறையாக உலுக்கி எழுப்பும். ஒரு திணறல், ஒரு பெரிய இழுப்பு, மறுபடி குறட்டை. எழுந்தது காலையில் நினைவிலேயே இருக்காது. மூச்சு 10 விநாடிக்குக் குறையாமல் நின்றால் மருத்துவர்கள் அதைக் கணக்கில் எடுக்கிறார்கள். மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் சேர்த்து மணிக்கு 5 தடவையைத் தாண்டினால் கோளாறு. 30-ஐத் தாண்டினால் தீவிரம். ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். ராத்திரி முழுக்க இப்படி நூற்றுக்கணக்கான தடவை உலுக்கப்படுகிறவர் காலையில் தலைவலியோடும் வறண்ட வாயோடும் எழுவார். இரவில் மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழுவதும் இதனால் வரலாம். சர்க்கரை என்று சந்தேகித்து ரத்தம் கொடுத்தால் சிலருக்குச் சர்க்கரை இருக்காது. ரத்த அழுத்த மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கியும் சிலருக்கு அழுத்தம் இறங்காது. பகலில் டீவி முன்னால் சாய்ந்தால் பரவாயில்லை, ஸ்டியரிங் முன்னால் சாய்ந்தால்? 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தபோது மருத்துவர்கள் சொன்ன காரணம் இந்த நோய்தான்.

குண்டானவர்களின் வியாதி என்று ஒல்லிப்பிச்சான்கள் நிம்மதி அடைய வேண்டாம். கீழ்த்தாடை சிறுத்து உள்வாங்கியிருந்தாலும் வழி குறுகும். ஆனாலும் கழுத்துச் சுற்றளவு ஒரு நல்ல துப்பு. 40 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது 16 அங்குலக் காலர் இறுக்குகிறது என்றால், தையல்காரரைக் குறை சொல்லுமுன் வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

ஒருகாலத்தில் தீவிரமானவர்களுக்கு இருந்த கைகண்ட வைத்தியம், கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பது. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் வேக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்து, மூக்கு வழியாக விடாமல் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்துப் பார்த்தார். 5 நோயாளிகளுக்கு அது பலித்ததை 1981-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். இன்று சிபேப் என்று விற்கும் பெட்டிக்கு மூதாதை அதுதான். சித்தப்பாவின் மகள் அவரை ஸ்லீப் ஸ்டடிக்குக் கூட்டிப்போய், அதே பெட்டியை வாங்கிக் கொடுத்தபோது அவர் கேட்டது: “பேரப்பிள்ளைங்க முன்னாடி இதை மாட்டிக்கிட்டா படுக்கச் சொல்ற?” ஒரு வாரம் அலமாரியில் கிடந்தது. அதன்பிறகு ஊருக்குப் போனாலும் பையில் முதலில் அதைத்தான் வைத்தார்.

எல்லாக் குறட்டைக்கும் பெட்டி வேண்டாம். மூச்சு நிற்காத வெறும் குறட்டை என்றால் ஒருக்களித்துப் படுப்பதே பலருக்குப் பாதியைத் தீர்த்துவிடும். பனியனின் முதுகுப்பக்கம் ஒரு பை தைத்து டென்னிஸ் பந்தைப் போட்டுவிடுங்கள், மல்லாந்தால் உறுத்தும். வேடிக்கையாகத் தெரிந்தாலும் வேலை செய்யும். படுக்குமுன் மது வேண்டாம். தூக்க மாத்திரையைத் தானாக வாங்கிப் போடவும் வேண்டாம். இரண்டும் தொண்டைச் சதையை இன்னும் தளர்த்தும். தும்மலும் மூக்கடைப்பும் உள்ளவர்கள் முதலில் இ.என்.டி. மருத்துவரைப் பார்க்கட்டும். கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும் கவசத்தைப் பல் மருத்துவர்கள் அளவெடுத்துச் செய்து தருகிறார்கள். எடையைப் பொறுத்தவரை விஸ்கான்சினில் சில வருஷங்கள் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2000-ல் வந்தது. எடை 10 சதவீதம் குறைந்தால் மூச்சு நிற்பது ஏறக்குறைய கால்வாசி குறைகிறது. இணையத்தில் விற்கும், மூக்கில் மாட்டும் காந்தக் கிளிப்பை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் காசுக்கு இரண்டு பந்து வாங்கலாம்.

குழந்தைகள் கதை வேறு. தினமும் வாயைப் பிளந்து குறட்டை விட்டுத் தூங்கும் பிள்ளையை “அப்படியே தாத்தா மாதிரி” என்று கொஞ்சக் கூடாது. டான்சிலோ அடினாய்டோ வீங்கியிருக்கலாம். பள்ளியில் கவனம் நிற்காமல் திட்டு வாங்கும் பிள்ளைகளில் சிலருக்குக் குறை படிப்பில் இல்லை, தூக்கத்தில்.

எனக்குப் பிடித்த வைத்தியம் ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தில் குறட்டையும் மிதமான ஆப்னியாவும் உள்ள 25 பேரில் ஒரு பகுதியினரை, ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிட்ஜரிடூ என்ற நீளமான மரக்குழலை நாலு மாதம் ஊத வைத்தார்கள். பகல் தூக்கமும் மூச்சு நிற்பதும் குறைந்தன; பக்கத்தில் படுப்பவர்களும் நிம்மதி என்றார்கள். ஊதும்போது மேல்தொண்டைச் சதைக்குப் பயிற்சி கிடைக்கிறது என்பதுதான் சூட்சுமம். 2006-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த இந்த ஆய்வுக்கு 2017-ல் நையாண்டி நோபலான இக்நோபல் கிடைத்தது. அதுவும் அமைதிக்கான பரிசு! நம் ஊரில் நாதஸ்வரம் எடுக்கலாமே என்று தோன்றும். பழகும் காலத்தில் அக்கம்பக்கத்தார் குறட்டையே தேவலை என்பார்கள்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் சொன்னது: பெரியவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு ஆப்னியா. ஆண்களில் 13, பெண்களில் 5. பெண்கள் கணக்கை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். மாதவிடாய் நின்றபின் அவர்களுக்கும் இது அதிகமாகிறது. ஆனால் குறட்டை விடும் பெண்ணைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. அவளும் வெட்கப்பட்டு மறைப்பாள். டாக்டரிடம் போனால் ‘அசதி, தூக்கம் வரல, தலைவலி’ என்பாள். இரும்புச்சத்து மாத்திரையோ தைராய்டு பரிசோதனையோ எழுதிக் கொடுப்பார். “ராத்திரி குறட்டை விடுவீங்களாம்மா?” என்று கேட்க அவருக்கும் தோன்றாது. சித்திக்குச் சித்தப்பா விஷயத்தில் தெரிந்த அளவு, சித்தியின் தூக்கத்தைப் பற்றிச் சித்தப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் படுத்த சாட்சியே குறட்டை விட்டுக்கொண்டிருந்தால் அவர் எதைக் கேட்பார்? அந்த மாதிரி வீடுகளில் விடுமுறைக்கு வரும் பிள்ளைகள்தான் இரவில் அம்மாவின் தலைமாட்டில் செல்ஃபோனை ரெக்கார்டிங்கில் போட்டு வைக்க வேண்டும். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான். இல்லாவிட்டால் காலையில் “இது ஃபேன் சத்தம்டா” என்பார்.