கப்பலில் 900 பேர்; கரையில் ஒரு பெண்!

1939-ம் ஆண்டு மே மாதம் 27-ந்தேதி. கியூபா நாட்டின் ஹவானா துறைமுகத்துக்கு "செயின்ட் லூயி" என்ற ஜெர்மன் கப்பல் வந்து சேர்ந்தது.

937 பேருடன் ஜெர்மனியில் இருந்து புறப்பட்ட கப்பல் அது. அவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி ஓடி வந்தவர்கள்.

கியூபாவில் இறங்க அவர்கள் கையில் அனுமதிச் சீட்டு இருந்தது. ஆனால், கப்பல் புறப்படும் முன்பே கியூபா சர்க்கார் அந்தச் சீட்டுகளை ரத்து செய்துவிட்டது! 28 பேர் மட்டுமே இறங்க முடிந்தது. மற்றவர்கள் கரையைப் பார்த்தபடி கப்பலிலேயே நின்றார்கள்.

அவர்களுக்காக வாதாட அமெரிக்காவில் இருந்து இருவர் வந்தனர். ஒருவர், வக்கீல் பெரென்சன். மற்றவர், சிசிலியா ரஸோவ்ஸ்கி என்ற அம்மையார்.

யார் இவர்?

1891-ல் அமெரிக்காவில் பிறந்தவர் சிசிலியா. பிறந்த ஊரின் பெயரும் செயின்ட் லூயிதான்!

இளம் வயதில், வெளிநாட்டில் இருந்து வந்து குடியேறியவர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். பிறகு, குழந்தைத் தொழிலாளர் சட்டம் சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் சர்க்கார் வேலை. அதன்பின், யூத மாதர் தேசிய சங்கத்தில் சேர்ந்து, குடியேறுவோருக்கு உதவுவதையே தன் தொழிலாகக் கொண்டார்.

காகிதமே உயிர்

அந்த வேலை சோறு போடுவதோடு முடிவது அல்ல. பெரும்பகுதி, காகித வேலை!

அமெரிக்கா 1924-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எந்த நாட்டில் இருந்து ஆண்டுக்கு எத்தனை பேர் வரலாம் என்று அது கணக்கு வைத்தது. வருகிறவர் சர்க்காருக்குப் பாரமாக இருக்கமாட்டார் என்பதற்கும் உறுதி வேண்டும். அதற்கு, அமெரிக்காவில் உள்ள உறவினர் சொத்துக் கணக்கு காட்டி ஜாமீன் எழுதித் தரவேண்டும்.

அந்த உறவினரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பத்திரம் எழுதி வாங்க வேண்டும். வந்து இறங்கியவருக்கு வீடும் வேலையும் பார்க்க வேண்டும். சிசிலியாவும் அவருடன் பணிபுரிந்தவர்களும் இதைத்தான் செய்தார்கள்.

1934 முதல், பெற்றோரைப் பிரிந்து தனியே வந்த யூதக் குழந்தைகளுக்கு வளர்ப்பு வீடு தேடித் தந்த சங்கத்தையும் அவர் நடத்தினார். 20 ஆயிரம் குழந்தைகளைக் கூடுதலாக அனுமதிக்க 1939-ல் அமெரிக்காவில் ஒரு மசோதா வந்தது. அது நிறைவேறவில்லை.

திரும்பிய கப்பல்

ஹவானாவில் பேச்சு முறிந்தது. ஜூன் 2-ந்தேதி கப்பலை வெளியேற்றினார்கள். அமெரிக்காவும் இடம் கொடுக்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது.

யூத உதவிச் சங்கங்களின் முயற்சியால் 4 நாடுகள் அவர்களை ஏற்றுக்கொண்டன. பிரிட்டன் 288 பேரை ஏற்றது. அவர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் போரில் உயிர் பிழைத்தனர். மற்றவர்கள் பிரான்சு, பெல்ஜியம், ஹாலந்து நாடுகளுக்குப் போனார்கள். 1940-ல் ஜெர்மன் படை அங்கேயும் வந்தது. அவர்களில் 254 பேர் மாண்டனர்.

ஒரே கப்பலில் வந்தவர்கள். எந்த நாட்டின் கதவு திறந்தது என்பதே, பிழைப்பதையும் சாவதையும் முடிவு செய்தது!

போர் முடிந்த பிறகும் சிசிலியா ஓயவில்லை. ஐரோப்பாவில் நாடிழந்து நின்றவர்களுக்காக உழைத்தார். 1968-ல் காலமானார்.

இன்று நிலை என்ன?

ஆபத்து உள்ள நாட்டுக்கே அகதியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று 1951-ல் சர்வதேச ஒப்பந்தம் ஏற்பட்டது. நாட்டுக்கு நாடு கணக்கு வைத்த பழைய முறையை 1965-ல் அமெரிக்கா கைவிட்டது.

ஆனாலும், 2024 முடிவில் உலகில் வீடு வாசலை விட்டு விரட்டப்பட்டவர்கள் 12 கோடிக்கு மேல் என்கிறது ஐ.நா. அகதிகள் அமைப்பு. இன்றும் அகதிகள் ஏறிய படகுகள் பல கரைகளில் திருப்பி விடப்படுகின்றன.

சமூக ஊழியர் படிவம் நிரப்பலாம், உறவினரைத் தேடலாம், அதிகாரியிடம் மன்றாடலாம். கதவின் சாவி மட்டும் அவர் கையில் இல்லை. அது சட்டம் இயற்றுபவர்கள் கையில் இருக்கிறது. அவர்களைத் தேர்ந்தெடுக்கும் மக்கள் கையிலும் இருக்கிறது!