பாடலின் ஓரத்தில் நிற்பவர் யார்?

இணையத்தில் இலவசமாகத் தமிழ் நூல்களைத் தரும் தளங்களுள் சிலவற்றை மாணவர்களுக்குப் பரிந்துரைக்கத் தயக்கமாக இருக்கிறது. குறுந்தொகைப் பாடல் ஒன்றின் உரை நடுவில் இருக்கும். அதன் வலப்புறத்தில் அரைகுறை ஆடையில் ஒரு பெண்ணின் படம். கீழே, சர்க்கரை நோயை ஏழே நாளில் விரட்டும் சூரணம். அதை மூடுவதற்கென்று மூலையில் இருக்கும் சிறு பெருக்கல் குறியைத் தொட்டால், மூடுவதற்குப் பதில் வேறொரு பக்கம் திறக்கும். வகுப்பில் திரையிட எண்ணும் ஆசிரியர் முந்தைய நாள் வீட்டில் சோதித்துப் பார்த்தும் பயனில்லை. வீட்டில் வந்த விளம்பரமே வகுப்பிலும் வரும் என்பதற்கு உறுதி கிடையாது.

இதைச் சொன்னால் உடனே வரும் மறுமொழி ஒன்றுண்டு: "இலவசமாகத்தானே படிக்கிறீர்கள்?" இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வழங்கிக்கு வாடகை, தளப்பெயருக்கு ஆண்டுக் கட்டணம், தட்டச்சு, மெய்ப்பு என்று யாரோ ஒருவருடைய பணமும் இரவும் செலவாகின்றன. விளம்பரமே கூடாது என்பது என் கட்சியும் அன்று. அந்தக் காலத்துப் பத்திரிகைகளிலும் தாதுபுஷ்டி லேகியம் உண்டு. ஆனால் அந்த லேகியத்துக்கு இடம் கொடுத்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். வாசகர் முகம் சுளித்து ஒரு கடிதம் எழுதினால் அது ஆசிரியர் மேசையில் வந்து விழும். இணையத்தில் அந்த மேசையே இல்லை. நாம் பக்கத்தைத் திறக்கும் கண்ணிமைப் பொழுதில் அந்தக் காலியிடம் ஏலத்துக்குப் போகிறது. எடுத்தவர் படம் வந்து நிற்கிறது. யார் எடுத்தார் என்பது தளத்தை நடத்துபவருக்கு முன்கூட்டியே தெரியாது. ஒற்றுப்பிழைக்கு ஒன்பது முறை மெய்ப்புப் பார்ப்பவர், அதே பக்கத்தின் கால்பகுதியை முகம் தெரியாதவர் கையில் ஒப்படைத்துவிட்டு, அது தம் பொறுப்பன்று என்கிறார். எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான்.

"நீங்கள் எதைத் தேடினீர்களோ அதுதான் உங்களுக்கு வரும்" என்றும் ஒரு சாமர்த்தியமான பதில் இருக்கிறது. பாதி உண்மை. கல்லூரிக் கணினியில் நாளொன்றுக்கு நாற்பது பேர் உட்காருகிறார்கள். முப்பத்தொன்பதாவது ஆள் தேடியதற்கு நாற்பதாவதாக வரும் மாணவி ஏன் தலைகுனிய வேண்டும்? தவிர, எதையுமே தேடாதவருக்கும் ஊரையும் மொழியையும் பார்த்து விளம்பரம் வருகிறது.

தமிழ்த் தளங்களின் சங்கடத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2003இல் தொடங்கிய கூகுளின் ஆட்சென்ஸ், தமிழை முறையாக ஏற்றுக்கொண்டது 2018இல்தான். அதுவரை தமிழ்ப் பக்கங்கள் பலவற்றுக்கு வாய்த்தவை கேள்விமுறையற்ற சில்லறை வலைப்பின்னல்களே. இப்போது அந்த நியாயமும் இல்லை. பாலியல் சாடை, உடல் இளைப்பு போன்ற வகைகளைத் தளத்தாரே தடுத்துவைக்க ஆட்சென்ஸில் வழி உண்டு. தடுத்தால் ஏலத்தில் ஆள் குறையும், வரும்படியும் குறையும் என்பதால் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. அந்த வரும்படிதான் எவ்வளவு? 100 டாலர் சேரும்வரை பணம் கைக்கு வராது. சிறிய இலக்கியத் தளத்துக்கு அது சேர மாதங்கள் ஆகலாம். அந்தத் தொகைக்காகவா இவ்வளவும்? சட்டமும் இங்கே உறங்கிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை நோய் தீரும், ஆண்மை பெருகும் என்றெல்லாம் மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மாய மருந்துகள் தடைச் சட்டமே குற்றம் என்கிறது.

விளம்பரத்தை விட்டால் வழியில்லை என்பவர்களுக்குக் காந்தியை நினைவூட்டலாம். 1903இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' முதலில் தமிழிலும் வந்த பத்திரிகை. அதில் விளம்பரங்களை நிறுத்தியதற்கு அவர் பின்னாளில் கூறிய காரணங்கள் இன்றைக்கும் பொருந்துகின்றன. ஏற்கத் தகாத விளம்பரத்தையும், கொடுப்பவர் பெரிய மனிதர் என்பதால் மறுக்க முடியவில்லை. நல்ல ஊழியர்களின் நேரமெல்லாம் விளம்பரம் பிடிப்பதிலும் பாக்கி வசூலிப்பதிலும் போயிற்று. ஸ்பானிய விக்கிப்பீடியாவில் 2002இல் விளம்பரம் வரக்கூடும் என்ற பேச்சு எழுந்ததற்கே தன்னார்வலர் பலர் பிரிந்து போய் வேறு கலைக்களஞ்சியம் தொடங்கினார்கள். விக்கிப்பீடியா இன்றும் நன்கொடையில்தான் நடக்கிறது. நம்மிடையே 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பிலேயே நூற்றுக்கணக்கான நூல்களைத் தந்திருக்கிறது. அங்கே திருக்குறளுக்குப் பக்கத்தில் சூரணம் விற்பதில்லை.

இனி வாசகராகிய நம்மிடம் வருவோம். 1959 முதல் 1970 வரை 'எழுத்து' இதழை நடத்திய சி.சு. செல்லப்பா, புத்தகப் பையைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். அன்று சந்தா கட்டியவர்கள் சிலரே என்று வருந்தி எழுதும் நாம், இன்று தினமும் திறக்கும் தளத்துக்கு ஆண்டுக்கு ஒரு நூறு ரூபாய் அனுப்பியதுண்டா? நம்மிடம் கேட்கத் தளத்தாருக்குக் கூச்சம், கேட்காமல் கொடுக்க நமக்கு மனமில்லை. இடையில் கூச்சமே இல்லாத ஒருவன் வந்து ஓரத்தில் நின்றுகொள்கிறான்.

தளத்தார்கள் ஆண்டுக்கொருமுறை தங்கள் வரவுசெலவை அப்படியே வெளியிடலாம். வழங்கிக்கு இவ்வளவு, தளப்பெயருக்கு இவ்வளவு, துண்டு விழுவது இவ்வளவு என்று முகப்பிலேயே போடட்டும். அந்தத் துண்டுத் தொகை பெரும்பாலும் ஒரு கருத்தரங்கின் மதிய உணவுச் செலவைத் தாண்டாது என்பது என் ஊகம். எங்கள் துறையில் அதைவிடப் பெரிய தொகையைப் பொன்னாடைக்கே செலவிட்டிருக்கிறோம்.