அளந்த கணக்கை ஊரறியச் சொல்லுங்கள்

அணுமின் துறையைத் தனியாருக்குத் திறந்துவிடும் சாந்தி சட்டத்தை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. முதலீடு யாருடையது, விபத்து நேர்ந்தால் இழப்பீடு யார் தருவது என்ற வாதங்களில் அனல் பறந்தது. உலையிலிருந்து வெளியே போவது என்ன, எவ்வளவு, அதை அக்கம்பக்கத்து ஊர்களுக்கு யார், எப்போது சொல்வது என்ற கேள்விக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. கல்பாக்கம், கூடங்குளம் என்று கடலோரத்தில் இரண்டு அணுமின் நிலையங்கள் உள்ள தமிழகத்துக்கு முதல் கேள்வியே அதுதான்.

எந்த அணு உலையும் எதையும் வெளியே விடாமல் இயங்குவதில்லை. கல்பாக்கத்தின் பழைய கனநீர் உலைகளில், உலைக்கலத்தைச் சூழ்ந்த அறையின் காற்றில் நியூட்ரான் பட்டு ஆர்கான்-41 உண்டாகிறது. உயரமான புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. அதன் அரை ஆயுள் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. கனநீரில் உருவாகும் டிரிட்டியம் வேறு ரகம். தண்ணீரோடு தண்ணீராகக் கலந்துவிடும்; நிறமோ மணமோ காட்டிக்கொடுக்காது; அரை ஆயுள் 12 ஆண்டுகளுக்கும் மேல்.

இவற்றை அளப்பதற்கு ஆட்கள் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சுற்றுச்சூழல் ஆய்வகம் உண்டு. மீன், பால், அரிசி, கிணற்று நீர் என்று மாதிரிகள் சேகரிக்கிறார்கள். கறிக்கு அறுத்த ஆட்டின் தைராய்டு சுரப்பியைக்கூட வாங்கிப் போய்ச் சோதிக்கிறார்கள். காரணம், புல்லில் அயோடின்-131 படிந்திருந்தால் மேய்ந்த ஆட்டின் கழுத்தில் அது போய்ச் சேர்ந்திருக்கும். பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். உலைகளால் சுற்றுவட்டாரத்தில் சேர்வது அதில் சிறு பங்குதான் என்கின்றன அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அறிக்கைகள். அதைப் பொய் என்று நாம் சொல்லவில்லை. நம் குற்றச்சாட்டு வேறு.

உலையை இயக்கும் இந்திய அணுமின் கழகமும், ஆய்வகத்தை நடத்தும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் ஒரே அணுசக்தித் துறையின் பிள்ளைகள். இருவரையும் கண்காணிக்க வேண்டிய வாரியமோ, அத்துறையின் செயலாளரே தலைவராக உள்ள அணுசக்தி ஆணையத்திடம் பதில் சொல்லிவந்தது. இந்தக் கோளாறைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2012இலேயே சுட்டிக்காட்டியது. கடற்கரை ஏலத்தில் மீனை நிறுத்தால்கூட, விற்பவர் வாங்குபவர் இருவர் கண்ணுக்கும் தராசு தெரிய வேண்டும் என்பது முறை. இங்கே தராசும் படிக்கல்லும் ஒரே கையில். வாரியத்தின் ஆண்டறிக்கையில் கழிவு வெளியேற்றம் ‘அனுமதித்த வரம்பில் இத்தனை சதவீதம்’ என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது. கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரை மீனவப் பெண்ணுக்கும், கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்து விவசாயிக்கும் அதில் என்ன விளங்கும்?

சொல்லாமல் விட்ட வரலாறும் நமக்கு உண்டு. 2003 ஜனவரி 21 அன்று, கல்பாக்கத்தின் எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஒரு வால்வு பழுதானது. குறைந்த கதிர்வீச்சுக் கழிவுக்கான தொட்டியில் உயர் கதிர்வீச்சுக் கழிவு புகுந்தது. எச்சரிக்கும் கருவி அந்த இடத்தில் இல்லை. மாதிரி எடுக்கும் வேலையில் இருந்த ஆறு ஊழியர்கள் வரம்பு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். ஊழியர் சங்கம் கடிதம் எழுதி முறையிட்டது. அந்த விவகாரம் பத்திரிகைகளுக்கு எட்டி, நிர்வாகம் வெளிப்படையாக வாய் திறக்க ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. இந்த ஆலை உட்பட பாபா மையத்தின் ஆலைகளை வாரியத்தின் பார்வையிலிருந்து 2000ஆம் ஆண்டிலேயே விலக்கிவிட்டிருந்தார்கள் என்பது இன்னும் மோசம். 2019 அக்டோபரில் கூடங்குளத்தின் கணினியில் வைரஸ் புகுந்ததாகச் செய்தி வந்தபோது, முதல் நாள் அடியோடு மறுத்தார்கள், மறுநாள் ஒப்புக்கொண்டார்கள். அது கதிர்வீச்சு விவகாரம் அல்லதான். ஆனால், இப்படி மறுத்துப் பழகிய வாயிலிருந்து ‘கசிவு ஏதும் இல்லை’ என்று வந்தால் யார் நம்புவார்கள்?

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மான்டிசெல்லோ நிலையத்தில் 2022 நவம்பரில் சுமார் 15 லட்சம் லிட்டர் டிரிட்டியம் கலந்த நீர் கசிந்தது. நிறுவனம் அரசு அமைப்புகளுக்கு உடனே தெரிவித்தது. ஊருக்குத் தெரிந்தது 2023 மார்ச்சில். குடிநீருக்கு ஆபத்து இல்லை என்ற விளக்கம் அப்போதும் வந்தது. ஆபத்து இல்லையென்றால் நான்கு மாத மௌனம் எதற்கு என்ற கேள்விதான் மக்களிடம் எஞ்சியது.

‘சொன்னால் பீதி பரவும்’ என்பது அதிகாரிகளின் வழக்கமான பதில். பீதியை வளர்ப்பது மௌனம்தான். கூடங்குளம் உலையை எதிர்த்து 2011இல் இடிந்தகரையில் திரண்டவர்கள் கேட்ட கேள்விகளுக்கு விடையாக வந்தவை தேசத்துரோக வழக்குகள். கதிர்வீச்சு சிறிதா பெரிதா என்பதை அறிவியல் முடிவு செய்யட்டும். அந்தக் காற்றைச் சுவாசிப்பவனிடமிருந்து கணக்கை மறைப்பது, அளவு எவ்வளவு சிறிதானாலும், அறப்பிழை. குடியிருப்பதா, குழந்தைக்கு அந்தப் பாலைக் கொடுப்பதா என்று அவன் எடுக்க வேண்டிய முடிவை இன்னொருவர் களவாடிக்கொள்கிறார். அதற்கு நல்லெண்ணம் என்று பெயர் சூட்டினாலும் களவு களவுதான்.

வழி இல்லாமல் இல்லை. ஜெர்மனியில், 2023இல் கடைசி உலைகளை மூடும்வரை, உலையின் அளவீடுகள் மாநிலக் கண்காணிப்பு அமைப்புக்கு நேரடியாகப் போயின. நாடெங்கும் சுமார் 1,700 இடங்களில் பதிவாகும் கதிர்வீச்சை இணையத்தில் எவரும் பார்க்கலாம். பிரான்ஸில் மக்கள் பிரதிநிதிகளும் தொழிற்சங்கங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் அமரும் உள்ளூர்த் தகவல் குழுக்களை 2006ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்திருக்கிறது.

சாந்தி சட்டம் வாரியத்துக்குச் சட்டத் தகுதி தந்திருப்பது நல்ல தொடக்கம். ஆனால், தகவலைப் பூட்டிவைக்கும் அதிகாரம் பழைய 1962 அணுசக்திச் சட்டத்தைப் போலவே இதிலும் அரசின் கையில் தொடர்கிறது. நாளை லாபக் கணக்குப் பார்க்கும் நிறுவனங்களும் அதே பூட்டுக்குப் பின்னால் ஒதுங்கும். எனவே, புகைபோக்கியிலும் கடலில் கலக்கும் வாயிலிலும் பதிவாகும் அளவுகள் அன்றன்றே தமிழில் ஊராட்சி அலுவலகப் பலகையில் வர வேண்டும். அதே மீனையும் பாலையும் துறைக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழக ஆய்வகமும் சோதிக்க வேண்டும். வரம்பு மீறாத கசிவானாலும் 24 மணி நேரத்துக்குள் ஊருக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லத் தவறிய அதிகாரியும் நிறுவனமும் தண்டனைக்கு உரியவர்கள் என்று விதிகளில் எழுத வேண்டும். மடியில் கனம் இல்லாதவர்களுக்கு இதில் இழப்பு ஒன்றுமில்லை. மறுப்பவர்களுக்கு இந்தக் கரையில் இன்னொரு உலை கட்டும் தகுதியும் இல்லை.