கோழிக்குஞ்சின் குடலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும்



"கோழியின் குடலைப் படித்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. நிறையவே ஆகும் என்பேன்.

குஞ்சு தின்ற தானியத்தின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகிறது. குடல் செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. குளுக்கோஸ் தானாக அதைக் கடக்காது. சவ்விலுள்ள ஒரு புரதம்தான் வாசல். இரண்டு சோடியம் அயனிகள் கூட வந்தால் ஒரு குளுக்கோஸ் உள்ளே போகும். அந்தச் சோடியத்தைச் செல்லின் மறுபக்கத்திலுள்ள பம்ப், ஆற்றலைச் செலவழித்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. சிறு பறவைகளில் செல்களுக்கு இடையேயுள்ள சந்து வழியாகவும் கணிசமான குளுக்கோஸ் போகிறது.

நம் குடலிலும் இதே உப்பு வாசல்தான். 1960-இல் ராபர்ட் கிரேன் இந்தக் கருத்தை முன்வைத்தார். பிறகு கோழிக்குஞ்சின் குடல் செல்களைத் தனியே பிரித்தெடுத்தும் ஆராய்ந்தார்கள். ஓ.ஆர்.எஸ். பலன் தருவது இதனால்தான். உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து உள்ளே போக, தண்ணீர் பின்தொடர்கிறது.

ஆகவே, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் குளிர்பானம், வெறும் குளுக்கோஸ் தண்ணீர் வேண்டாம். இனிப்பு மிகுந்தால் அது உடலின் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும், போக்கு கூடும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள்.

ஆசிரியராகிவிட்ட என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: சவ்வுக் கடத்தலை மதிப்பெண்ணுக்காக மட்டும் நடத்தாதீர்கள். அந்தப் பொட்டலத்தையும் வகுப்புக்கு எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்