தென்காசிக் கோபுரத்தில் எது பழையது?



பிற்காலப் பாண்டியரின் வாயிற்கலையை அறிய விரும்புவோர் தென்காசியைக் காண்பது பொருத்தம். பராக்கிரம பாண்டியன் 1446இல் தொடங்கிய காசி விசுவநாதர் கோயிலின் இராசகோபுரம், 1457இல் தொடங்கப்பெற்று, அவன் தம்பி குலசேகரனால் முடிக்கப்பட்டு, 1924இல் தீயால் சிதைந்து, பல பத்தாண்டுகள் மொட்டையாகவே நின்று, 1990இல்தான் மீண்டும் குடமுழுக்குக் கண்டது. ஆகவே, அண்ணாந்து பார்ப்போர் வியக்கும் சுதை நிலைகள் அண்மைக்காலத்தவை. கல்காரம் எனப்படும் கருங்கல் அடிப்பகுதியே பாண்டியர் பணி. அதைத்தான் யாரும் நின்று பார்ப்பதில்லை. வாயிலில் எதிர்த்து வீசிப் பின் உள்ளே தள்ளும் பொதிகைக் காற்றும் அதற்கு ஒரு காரணமாகலாம்!

பிற்காலத்தில் இக்கோயிலைப் பழுதுபார்த்துக் காப்போரின் அடிபணிவதாகக் கூறிப் பராக்கிரம பாண்டியனே கல்வெட்டில் வேண்டியுள்ளான். அவ்வேண்டுகோளையும் கட்டுமானக் காலங்களையும் விளக்கும் பலகை ஒன்று வாயிலருகே கண்ணில் படும்படி அமைய வேண்டும். சாரல் காலத்தில் குற்றால அருவிக்கு விரைவோர் கவனியாது கடக்கும், சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயிலுக்கும் அத்தகைய பலகை தேவை.

— வாசகர், தென்காசி